நோயாளியாக நடிக்கப் போன இடத்தில்

சில வருடங்களுக்கு முன்பு, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது இது. இடம், மதுரை ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் சாலையில் இருக்கும் ஒரு நர்சிங் கல்லூரி. நான் அங்கே படிக்கவும் போகவில்லை, பாடம் நடத்தவும் போகவில்லை. நோயாளியாக நடிக்கப் போனேன்.

இந்த இடம் வந்ததும் எல்லாரும் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்துக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை. நான் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தின் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு ஒத்தக்கடையில் சின்னதாக ஒரு வீடு கட்டி, நானும் மனைவியும் குடிவந்தோம். எங்கள் பங்குக் கோவில் திருவிழாவில் வருடா வருடம் நாடகம் போடுவார்கள். அதில் ராஜா வேஷம் என்றால் அது எனக்குத்தான். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரை கேட்கிற குரல். என் நடிப்பும் கடைசி வரிசை வரை கேட்கும் என்று என் மனைவி சொல்வாள். அது பாராட்டு இல்லை என்பது எனக்குப் புரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

அடுத்த தெருவில் இருக்கும் ஒரு மேடம் அந்தக் கல்லூரியில் ஆசிரியை. ஒரு திருவிழாவில், நான் கிரீடத்தைக் கழற்றிவிட்டு முகத்துப் பவுடரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்து, காலேஜுக்கு வந்து நோயாளியாக நடிக்க முடியுமா என்று கேட்டார். கேலி செய்கிறாரோ என்று பார்த்தேன். இல்லை, நிஜமாகத்தான் கேட்டார்.

"எங்க பிள்ளைங்க ஆள் உயரப் பொம்மைக்கு ஊசி போட்டு நல்லாப் பழகிருதுங்க சார். ஆனா பொம்மை திட்டாது, அழாது, 'ஊசியும் வேணாம் ஒண்ணும் வேணாம் போ'ன்னு சொல்லாது. வார்டுக்குப் போன முதல் நாளே மனுஷங்களப் பாத்து மிரண்டு போயிருதுங்க" என்றார்.

வெளியாட்கள் வந்து நோயாளி மாதிரி படுத்துக்கொண்டு, திட்டி, அழுது, அடம் பிடித்து அந்தப் பிள்ளைகளைப் பழக்க வேண்டுமாம். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இப்போது இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்களாம். வருடக் கடைசியில் பரீட்சையும் இப்படித்தான். நான் உடனே ஒத்துக்கொண்டேன். "ராஜாவா இருந்து இப்ப நோயாளியா? நல்ல ப்ரமோஷன்தான்" என்றாள் என் மனைவி.

முதல் நாள் பயிற்சியை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். எனக்குக் கொடுத்திருந்த வேஷம் ஒரு விவசாயி. காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்து சில நாட்களாகப் படுத்திருக்கிறேன். என்ன நோய் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தக் கோபத்தில், ஊசி போட வருகிற நர்ஸ் மேல் பாய வேண்டும். நான் பாய்ந்த பாய்ச்சலில் தலையணை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் விழுந்தோம். பிள்ளைகள் எல்லாம் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள்.

"சார், காய்ச்சல்தான் சார். யாரும் உங்க மேல படையெடுத்து வரலை" என்றார் மேடம்.

நான் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். போகப் போக எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தப் பிள்ளைகள் முதலில் என் கையைத் தொடவே தயங்குவார்கள். பிறகு மெல்ல மெல்லப் பழகி, நான் கத்தக் கத்தப் பொறுமையாக நின்று, "சரிங்க ஐயா, உங்க கோவம் நியாயந்தான்" என்று பேச ஆரம்பிப்பார்கள். ஒரு பிள்ளைக்குப் பேச வந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லித் தீர்ப்பேன்.

அவர்களில் ஒரு பெண்ணைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். திருவாதவூர்ப் பிள்ளை. அப்பா விவசாயம். தினமும் பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தாள். நான் அவளை முதலில் பார்த்தபோது, பயிற்சி அறையில் யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு பொம்மையோடு பேசிக்கொண்டிருந்தாள். தலையணையைச் சரிசெய்து, போர்வையை இழுத்துவிட்டு, "லேசாத்தாம்ப்பா வலிக்கும், அங்கிட்டுப் பாத்துக்கங்க" என்று அவ்வளவு ஆசையாகச் சொன்னாள். பொம்மைக்கு மட்டும் காது இருந்திருந்தால் அன்றைக்கே குணமாகி எழுந்து வீட்டுக்குப் போயிருக்கும்.

அதே பெண் என் கட்டில் பக்கம் வந்ததும் வாயடைத்துப் போனாள். ஒரு வார்த்தை வரவில்லை. நான் என் பங்குக்குக் கத்தினேன். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றதே தவிர பேச்சு வரவில்லை. அடுத்தடுத்த பயிற்சிகளிலும் அதேதான். புத்தகத்தில் எந்தக் கேள்வி கேட்டாலும் டாண் டாண் என்று பதில் சொல்வாளாம். மனுஷ முகத்தைப் பார்த்தால் மட்டும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

இதே பரீட்சையில் அவள் ஏற்கெனவே ஒரு தடவை தோற்றிருந்தாள் என்று மேடம்தான் சொன்னார். இந்தத் தடவையும் போனால் படிப்பு அதோடு சரி. மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் அப்பா சொல்லிவைத்துவிட்டாராம். கொடுமைக்கார அப்பா ஒன்றும் இல்லை. வாய் பேசாத பிள்ளையை எத்தனை நாள்தான் நர்ஸுக்குப் படிக்கவைப்பது என்று அவருக்குக் கவலை.

எனக்கு மனசு கேட்கவில்லை. "பரீட்சையில அந்தப் பிள்ளைகிட்ட மட்டும் கோவத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கிறேன் மேடம்" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எல்லாருக்கும் ஒரே கோவந்தான் சார்" என்றார் மேடம். "அவளுக்கு மட்டும் குறைச்சீங்கன்னா அது அவளுக்குச் செய்ற நல்லது இல்ல. வார்டுல ஒருத்தரும் குறைக்க மாட்டாங்க."

அவர் சொன்னது சரிதான். சரி என்பதால்தான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பரீட்சை வெள்ளிக்கிழமை வந்தது. தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்களில் பலர் ஒருசந்தி இருப்போம். ஒருவேளைதான் சாப்பாடு, அதுவும் மத்தியானத்துக்கு மேல்தான். எனக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு, மாத்திரை போடுகிறவர்கள் ஒருசந்தி இருக்க வேண்டாம் என்று எங்கள் பங்குச் சாமியாரே சொல்லிவிட்டார். டாக்டரும் சொல்லியிருந்தார். நான் இரண்டு பேரையும் மதிக்கிறவன், ஆனாலும் சின்ன வயதிலிருந்து விடாத பழக்கம் என்று ஒரு வீம்பு. இதில் வேடிக்கை என்னவென்றால், சாப்பாட்டை விட்ட நான் மாத்திரையை விடவில்லை. மாத்திரை விஷயத்தில் நான் ரொம்ப ஒழுங்கு. வெறும் வயிற்றில் அதைப் போட்டு, ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சட்டையை மாட்டினேன். வீட்டில் கேட்டதற்கு, அங்கே போய்ச் சாப்பிட்டுக்கொள்கிறேன் என்று ஒரு பொய்யையும் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

கல்லூரியும் ஆஸ்பத்திரியும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. பரீட்சை நடந்த பயிற்சி அறையை நடுவில் ஒரு திரை போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கக் கட்டிலில் நான். அந்தப் பக்கம் ஓய்வில் பொம்மை. சுவர் ஓரம் மேஜை போட்டு நம்ம மேடமும், வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மா ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம். ஒரு பிள்ளை குட்மார்னிங் சொன்னதற்குக்கூடத் தலையை அசைத்தாரா இல்லையா என்று தெரியவில்லை. பரீட்சைக்கு ஒரே ஒரு விதி. உள்ளே வந்த பிறகு எதிரில் இருப்பவர் நோயாளிதான். தேர்வாளர்களைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, பாதியில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மார்க் போச்சு.

ஒவ்வொரு பிள்ளையாக வந்தார்கள். ஒவ்வொருவர் மேலும் ஒரே அளவாகப் பாய்ந்தேன். எவ்வளவு அழகாகப் பேசினார்கள் தெரியுமா, எனக்குப் பெருமையாக இருந்தது. திருவாதவூர்ப் பிள்ளையின் முறை கடைசியில்தான். அவளுக்கு முந்தின பிள்ளை வரும்போதே எனக்கு என்னவோ போல இருந்தது. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. நாக்கு தடித்துப் போன மாதிரி இருந்தது. ஆனால் ஒரு கலைஞனின் மனசைப் பாருங்கள். பாத்திரத்தோடு அவ்வளவு ஒன்றிப்போய்விட்டேன் என்றுதான் நான் நினைத்தேன். இன்றைக்கு என் நடிப்பு வேறு ஒரு உயரத்துக்குப் போய்விட்டது என்று எனக்குள் ஒரு திருப்தி வேறு.

அந்தப் பெண் உள்ளே வந்தது நினைவிருக்கிறது. வெள்ளைச் சேலை, கையில் ஊசித் தட்டு. அதற்குப் பிறகு நடந்ததை மேடம் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

அவள் வந்து நின்றாளாம். நான் கத்தவில்லை. கத்தலுக்குத் தயாராக வந்த பிள்ளை, கத்தல் வராததால் குழம்பிப் போய் என் முகத்தையே பார்த்திருக்கிறாள். நான் மேல்கூரையைப் பார்த்து, "யாரங்கே" என்றேனாம். பிறகு தேர்வாளர் அம்மா பக்கம் கையை நீட்டி, "மகாராணியார் ஏன் நிற்கிறார்? ஆசனம் கொண்டு வாருங்கள்" என்று கட்டளை போட்டேனாம். அந்த அம்மா உட்கார்ந்துதான் இருந்தார். காய்ச்சல் வேகத்தில் பிதற்றுகிற மாதிரி நடிக்கிறேன் என்று நினைத்து, அன்றைக்கு முதல் முறையாக அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்ததாம். "நல்லாப் பண்றாரே" என்று மேடத்தின் காதில் சொன்னாராம். மேடத்துக்கு மட்டும் இது நம்ம சார் வழக்கமாகப் பண்ணுகிற மாதிரி இல்லையே என்று ஒரு சந்தேகம். ஆனால் ராஜா வேஷம் போட்டவன் ராஜா வசனம் பேசினால் யார்தான் பயப்படுவார்கள்? எங்கே திருவிழா நாடகத்தை இங்கே நுழைத்துவிட்டேனோ என்று என் மேல் கொஞ்சம் எரிச்சல்கூட வந்ததாம்.

அந்தப் பெண் நாடி பார்க்க என் கையைப் பிடித்திருக்கிறாள். கை ஐஸ் மாதிரி இருந்திருக்கிறது. உள்ளங்கை, கழுத்து, நெற்றி எல்லாம் தொப்பலாக நனைந்திருக்கின்றன. தட்டைக் கீழே வைத்தாள். ஒரு நிமிஷம் என்னையும் மேஜையையும் மாறி மாறிப் பார்த்தாளாம். திரும்பினால் பரீட்சை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பரீட்சை போனால் ஜவுளிக்கடை என்பதும் தெரியும்.

திரும்பினாள்.

"மேம், இவுக நடிக்கலை" என்றாள்.

தேர்வாளர் அம்மா, இதுவும் ஒரு பதற்றம் என்று நினைத்து, "நோயாளியைப் பாரும்மா. இங்க பாக்கக் கூடாது" என்றிருக்கிறார்.

"நோயாளியப் பாத்துட்டுத்தாம்மா சொல்றேன். இவுகளுக்கு நெசமாவே முடியலை. கை ஜில்லுன்னு இருக்கு, வேத்துக் கொட்டுது, சர்க்கரை இறங்கிருச்சு."

அதுவரை அவள் குரல் அந்த அறையில் அவ்வளவு சத்தமாகக் கேட்டதே இல்லை என்று மேடம் இப்போதும் சொல்வார். சொல்லிவிட்டு அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நேராக மேஜைக்குப் போய், தேர்வாளர் அம்மாவுக்காக வைத்திருந்த லெமன் ஜூஸ் டம்ளரை எடுத்து, "இதுல சீனி போட்டிருக்கா?" என்று கேட்டாள். பாவம், அந்த அம்மா பரீட்சைக்குப் பதில் சொல்கிற பிள்ளை மாதிரி, "போட்டிருக்கு, நல்லாவே போட்டிருக்கு" என்றாராம்.

இதற்கு மேல் எனக்கும் கொஞ்சம் நினைவு இருக்கிறது. யாரோ என்னை நிமிர்த்தி உட்காரவைத்தார்கள். ஒரு குரல் விடாமல் பேசிக்கொண்டே இருந்தது. "அப்பா, இங்க பாருங்க. என் கையப் பிடிங்க. இன்னும் இறுக்கிப் பிடிங்க. ஆங், அப்படித்தான். இந்தா, ஒரு வாய் மட்டும் முழுங்குங்க. முழுங்கிட்டீகளா? நல்லது. இன்னொரு வாய். மெதுவா, மெதுவா. ஒண்ணும் இல்லப்பா, நான் இருக்கேன்ல?" அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் நான் திரும்பி வந்தேன் என்று சொல்ல வேண்டும்.

அதற்குள் மேடம் ஓடிவந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை ரொம்பக் கீழே கிடந்தது. பக்கத்து வார்டிலிருந்து டாக்டர் வந்தார். என்னைத் திரைக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போய், பொம்மைக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து டிரிப் ஏற்றினார்கள். நன்றாக முழிப்பு வந்து நான் தலையைத் திருப்பியபோது முதலில் பார்த்தது பொம்மையின் முகத்தைத்தான். அதற்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்த மாதிரி தெரியவில்லை.

என் மனைவி ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிகிற வரை அழுதாள். தெரிந்ததும் ஆரம்பித்துவிட்டாள். அவள் என்னவெல்லாம் சொன்னாள் என்பது இங்கே வேண்டாம். மகாராணி விஷயத்தையும் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். "இத்தனை வருசத்துல என்னய ஒருநாளாச்சும் அப்படிக் கூப்பிட்டிருப்பீகளா?" என்று அதற்கும் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

திரைக்கு மறுபக்கம், தேர்வாளர் மேஜையருகே பேச்சு கேட்டது. அந்தப் பெண் ஊசியைப் பற்றிச் சொல்லவில்லை, சம்மதம் கேட்கவில்லை, செய்ய வேண்டிய எதையும் செய்யவில்லை. பாதியில் நிறுத்தினாள், தேர்வாளரிடம் பேசினாள், தேர்வாளரின் ஜூஸை வேறு எடுத்தாள். விதிப்படி பார்த்தால் எல்லாமே தப்பு. மேடம் ஜவுளிக்கடை விஷயத்தையும் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கே படுக்கை கொள்ளவில்லை. என் வீம்பால் அந்தப் பிள்ளையின் படிப்பு போகிறதே என்று நெஞ்சு பதறியது. டிரிப்போடு எழுந்திருக்கப் பார்த்தேன். மனைவி ஒரு பார்வை பார்த்தாள், படுத்துவிட்டேன்.

"மார்க் போட்டா அது எனக்குத் தப்பாயிரும்" என்றது தேர்வாளர் அம்மாவின் குரல். அவர் இரக்கப்பட்டு மார்க் போடுகிற ஆள் இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. "சைபர் போட்டாலும் தப்பு. பரீட்சை நடந்தாத்தான மார்க் போட முடியும்? இங்க நடந்தது பரீட்சையே இல்ல. நான் பஸ் ஏறுறதுக்குள்ள இன்னொரு தடவை நடத்துங்க. ஆனா அந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஆளாப் பாத்துப் படுக்கவையுங்க."

அங்கேதான் சிக்கல். நடிக்க வந்திருந்த இன்னொருவர் காலையிலேயே தன் முறையை முடித்துக்கொண்டு டி. கல்லுப்பட்டி பஸ் ஏறிப் போய்விட்டார். கல்லூரியில் இருக்கிற மற்ற எல்லாரையும் அவளுக்குத் தெரியும். மேடம் திரையை விலக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. என் மனைவியைப் பார்த்தார். வேறு அறையில் காத்திருந்த அந்தப் பிள்ளை இவளைப் பார்த்ததே இல்லை.

"அம்மா, நீங்க கொஞ்சம் கோவமா நடிக்கணும்" என்றார் தயங்கித் தயங்கி.

"நடிக்கவெல்லாம் வேணாம்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி எழுந்தாள்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதே காய்ச்சல், அதே கோபம், ஆண் நோயாளிக்குப் பதில் பெண் நோயாளி. நான் இந்தப் பக்கம் படுத்தபடி ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் மேடைக்குப் பின்னால் நின்று வேறு ஒருவர் நடிப்பைக் கேட்பது எனக்கு அதுதான் முதல் தடவை.

என் மனைவி மேடை ஏறியதே இல்லை. ஆனால் அவள் ஆரம்பித்த ஆரம்பத்தில் திரையே ஆடியது. "எம்புட்டு நாளாச்சு படுத்து! ஒருத்தராச்சும் என்னான்னு சொல்றீகளா? சொன்னதக் கேக்குறதில்ல, கேட்டதுக்குப் பதில் இல்ல. பட்டினியாக் கிடந்தா உடம்பு என்னத்துக்கு ஆகும்னு அறிவு வேணாமா?" பாதியிலேயே அது நர்ஸுக்குப் போகிற கோபம் இல்லை, திரையைத் தாண்டி எனக்கு வருகிற கோபம் என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியாது. அவள் முன்னால் இருந்தது நெருப்பாகக் கொதிக்கிற ஒரு நோயாளி.

அவள் பக்கமிருந்து சத்தமே இல்லை.

போச்சு, பழையபடி அடைத்துக்கொண்டது என்று நினைத்தேன். சற்று முன் எனக்குப் பேசினாளே, அது ஆபத்துக்காக வந்த பேச்சு, இப்போது ஆபத்து இல்லை, அதனால் பேச்சும் இல்லை என்று என்னென்னவோ ஓடியது. மாதாவே, இந்தப் பிள்ளைக்கு வாயைக் கொடு என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு ஸ்டூலை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"அம்மா, கோவப்படுங்கம்மா. நான் எங்கிட்டும் போகலை, இங்கதான் உக்காந்திருக்கேன். முழுசாச் சொல்லி முடிங்க."

என் மனைவி இன்னும் கொஞ்சம் கத்தினாள். பிறகு எதிரில் தடுக்க ஆள் இல்லாததால் குரல் தானாக இறங்கியது. ஊசி வேண்டாம் என்றாள். "வேணாம்னா போடலம்மா. உங்க உடம்பு, நீங்கதான் சொல்லணும். ஆனா இது என்ன ஊசி, எதுக்குப் போடுறோம்னு நான் சொல்றேன், கேட்டுட்டுச் சொல்லுங்க" என்று அந்தப் பெண் ஆரம்பித்தாள். காய்ச்சல் ஏன் வருகிறது, மருந்து உள்ளே போய் என்ன செய்யும், எவ்வளவு வலிக்கும், வலி எப்போது போகும் எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி சொன்னாள். பொம்மையோடு பேசிய அதே குரல்தான். நடுவில் என்ன நினைத்தாளோ, "ஆமா, காலையில இருந்து நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீகளாம்மா?" என்று கேட்டாள்.



அடுப்பை அணைத்துவிட்டு, அரிசியை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தவள் என் மனைவி. வந்ததிலிருந்து எல்லாரும் என்னைத்தான் விசாரித்துக்கொண்டிருந்தார்கள், நானும் என்னைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். "இல்லத்தா" என்று ஒரு சின்னக் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அழுகிற சத்தம். அது நடிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் தடவை அவள் யாரையும் கூப்பிடவில்லை. "அழுங்கம்மா, அழுதா ஒண்ணும் இல்ல" என்று மட்டும் சொல்லிவிட்டு, அழுது முடிகிற வரை கூடவே இருந்தாள். பிறகு, "இப்ப ஊசி போடட்டுமா?" என்று கேட்டாள். என் மனைவி சரி என்றாள்.

"போதும்" என்றார் தேர்வாளர் அம்மா.

கொஞ்ச நேரத்தில் அவர் திரையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "என்ன ராஜா, என் ஜூஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார். நான் படுத்தபடியே கும்பிட்டேன். வாசல் பக்கம் போனவர் நின்று, மேடத்திடம், "மார்க் என்னன்னு நான் இப்பச் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டேன். ஆனா அந்த ஜவுளிக்கடையில வேற ஆளப் பாத்துக்கச் சொல்லிருங்க" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

அந்தப் பெண் வராந்தாவுக்குப் போய் அப்பாவுக்குப் போன் போட்டாள். ஜன்னல் வழியாக எங்களுக்கு நன்றாகக் கேட்டது. "எப்பா, நான் பேசிட்டேன்ப்பா" என்றாள். பாஸா இல்லையா என்று அவர் கேட்டிருப்பார் போல. "அது இல்லப்பா, நான் பேசிட்டேன்" என்று மறுபடியும் சொன்னாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. என் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அந்த அப்பா அன்று சாயங்காலம் திருவாதவூரிலிருந்து வண்டி கட்டாத குறையாக வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். நான்தானே அவருக்குச் சொல்ல வேண்டும்? யார் யாருக்குச் சொல்வது என்று எங்களுக்குள் ஒரு தள்ளுமுள்ளே நடந்தது. கடைசியில் எல்லாரும் காண்டீனில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டோம். என் மனைவிக்கு அந்தப் பெண்தான் சட்னி ஊற்றினாள்.

இப்போது அவள் மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெண்கள் வார்டில் வேலை. அடம் பிடிக்கிற நோயாளி யாராவது வந்தால் அவளைத்தான் கூப்பிடுகிறார்களாம். நானும் மனைவியும் இன்னும் அந்தக் கல்லூரிக்கு நடிக்கப் போகிறோம். மனைவிக்குத்தான் கிராக்கி அதிகம், என்னை இரண்டாம் பட்சமாகத்தான் அழைக்கிறார்கள். ஒருசந்தியை நான் சாமியார் சொன்ன மாதிரி விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாகத் தவக்காலம் முழுக்க ராஜா கதைகள் பேசாமல் இருக்க முடியுமா என்று மனைவி கேட்டாள். முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தைரியம் வந்த பிறகுதான் மனுஷன் வாயைத் திறப்பான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை என் குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிஷத்தில் அவளுக்குத் தைரியம் எங்கிருந்தும் வரவில்லை, தன்னைப் பற்றிய நினைப்புதான் அவளை விட்டுப் போயிருந்தது. இன்றைக்கும் ஒரு துக்க வீட்டிலோ, ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்திலோ என்ன பேசுவது என்று தெரியாமல் நிற்கிற நேரங்களில், நான் என் வசனத்தைத் தேடுவதை விட்டுவிட்டு எதிரில் இருப்பவரின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கிறேன், பேச வேண்டியது தானாக வந்துவிடுகிறது.